நீலமாக வந்த படலம்

வெள்ளவத்தை,
12.06.1999

அன்புள்ள நேசமலர் அக்காவுக்கு,

தங்கை கனகேஸ்வரி எழுதிக்கொள்வது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கோண்டாவிலில் நீங்கள் எப்படி? தலையிடிக்குக் கண்ணாடி மாற்றச் சொன்னேனே, மாற்றினீர்களா? அல்லது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கொப்பிகளை இன்னும் மூக்கோடு ஒட்டி வைத்துத்தான் திருத்துகிறீர்களா?

நீங்கள் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலை ஊறவைத்து வடித்து அனுப்பிய மா வந்து சேர்ந்தது. அதை வைத்து என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். மின்சாரத்தைக் கடத்தும் ஒரு வகைப் பல்பகுதியம் இருக்கிறது. பிளாஸ்டிக்கின் சாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தனியாகப் படலமாக வார்த்தால் தூளாகிவிடும். மாவைக் காய்ச்சி அதோடு கலந்து கண்ணாடியில் ஊற்றிக் காயவிட்டால் தாள் மாதிரி உரிந்து வரும். ஆனால் எல்லாம் அமிலத்தின் கையில்தான். அமிலம் அளவாக இருந்தால் படலம் பச்சை, மின்சாரம் ஓடும். குறைந்தால் நீலம், ஓடாது. கூடினால் மா அறுந்துபோய்த் தொட்டதும் நொறுங்கும். எந்த அளவில் எது நடக்கிறது என்று கண்டுபிடித்து எழுதினால் எனக்கு எம்ஃபில்.

முதல் படலம் நல்ல பச்சை. மீற்றர் ஊசி துள்ளியது. என் ஆய்வைப் பார்க்கிற புரொபெசர் சிவபாதசுந்தரம் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்னும் இரண்டு கிலோ வேண்டும். ஒரேயொரு குறை, மாவில் புளித்த வாசம் இருந்தது. இந்த முறை புளிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதங்களைக் கம்பஸ் விலாசத்துக்கே எழுதுங்கள். யாழ்ப்பாண முத்திரையைக் கண்டால் வீட்டுக்கார அலவி நானா பயந்துபோகிறார். பாவம், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளான எங்களை வைத்திருப்பதற்கே பொலிஸுக்கு மூன்று படிவம் நிரப்புகிறார்.

உங்கள்,
கனகா


கோண்டாவில்,
09.07.1999

அன்புத் தங்கைக்கு,

அக்கா நலமே. கண்ணாடி மாற்றவில்லை. கண் டொக்டர் கொழும்புக்குப் போனவர், தரைப்பாதை பூட்டியிருப்பதால் திரும்பி வரக் கப்பல் கிடைக்கவில்லையாம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நீ அனுப்பிய படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது.

எங்கள் பள்ளிக்கூடத்து நாகேந்திரம் மாஸ்டர் கொழும்புக்குக் கப்பலில் வருகிறார், அவரிடம் இரண்டு கிலோ மா கொடுத்துவிட்டிருக்கிறேன். திறந்து பார், மல்லிகைப்பூ தோற்றுப்போகும். பக்கத்து வீட்டு இரத்தினம்மா பார்த்துவிட்டு, "உப்பிடி ஒரு வெள்ளை ஒடியல் மாவை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை" என்றாள். புளிப்பு வாசத்துக்கு இடமே இல்லை. எப்படி என்று கேட்காதே, அது என் கைமுறை. எம்ஃபில் எனக்கும் பாதி தரவேண்டும்.

இங்கே வழமைபோல. எழுதக்கூடியவை இவ்வளவுதான்.

அக்கா,
நேசமலர்


வெள்ளவத்தை,
22.08.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். காய்ச்சல் இல்லை, மனம்தான் சரியில்லை.

மா வந்தது. நீங்கள் சொன்னது போலவே வெள்ளை. ஆனால் படலம் நீலமாக வருகிறது. நான்கு முறை வார்த்தேன், நான்கும் நீலம். மீற்றர் ஊசி செத்துக் கிடக்கிறது. கரைசலின் பிஎச் இரண்டில் நிற்க வேண்டும், ஐந்தில் நிற்கிறது. அதே அளவுகள், அதே கை. அப்படியானால் அமிலம்தான் பலமில்லாமல் இருக்கிறது. போத்தலில் இருந்து யாரோ அமிலத்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் விட்டு நிரப்பி வைக்கிறார்கள்.

களஞ்சிய அறைப் பூட்டின் திறப்பு பழனியம்மாவிடம்தான் இருக்கிறது. எங்கள் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற மனுசி. மலைநாட்டில் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டப் பக்கம். இங்கே கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் தனியாக இருக்கிறாள். பத்து வருடமாக வேலை செய்கிறாள், யாரும் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

கோபிக்காமல் ஒன்று சொல்லுங்கள். மாவில் வேறு எதையும் சேர்த்தீர்களா? டிசம்பருக்குள் முடிவுகளைக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்தாகிவிடும்.

உங்கள் தலையிடி எப்படி என்று கேட்க மறந்துபோனேன்.

கனகா


கோண்டாவில்,
20.09.1999

கனகாவுக்கு,

அக்கா உயிரோடு இருக்கிறேன்.

பனங்கிழங்கும் தண்ணீரும் தவிர அந்த மாவில் ஒன்றும் இல்லை. மூன்று நாள் நின்று, ஏழு முறை வடித்து, இடுப்பு முறிந்து செய்த மா. அதில் என்ன கலந்தாய் என்று கேட்கிறாய். கடைக்காரனிடம் கேட்கிற கேள்வியை என்னிடம் கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது? அம்மா செத்த பிறகு உன்னை வளர்த்தவள் நான். என் கையில் குறை இருந்தால் நீ இவ்வளவு வளர்ந்திருக்க மாட்டாய்.

திறப்பு யாரிடம் இருக்கிறதோ அவர்களைப் பார். நீதானே படித்தவள்.

சாப்பாட்டைக் கவனி.

நேசமலர்


வெள்ளவத்தை,
25.10.1999

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துவிடுங்கள். இனி உங்கள் மாவைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். நீங்கள் சொன்னது சரி, திறப்பு யாரிடமோ அவர்களைத்தான் பார்க்க வேண்டும். பார்க்கிறேன்.

ஐதரோகுளோரிக் அமிலப் போத்தலில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். மூன்று நாளில் மட்டம் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. மற்ற மாணவர்களும் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள், தெரியும். ஆனாலும் இவ்வளவா? தண்ணீர் விட்டு நிரப்ப இன்னும் நேரம் கிடைக்கவில்லைபோலும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பழனியம்மா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே கண்ணாடி முட்டும் சத்தம் கேட்டது. மறித்துக் கேட்டேன்.

"வெறும் போத்தல்ங்க மிஸ். மண்ணெண்ண ஊத்தி வைக்கலாம்னு எடுத்துட்டுப் போறேன். பழைய ஸ்டோர் ஐயா எடுத்துக்கச் சொன்னாருங்க."

பழைய ஸ்டோர் ஐயா செத்து இரண்டு வருடம். செத்தவர் கொடுத்த அனுமதிக்கு யாரைச் சாட்சி கேட்பது? போத்தல்களை எடுத்துப் பார்த்தேன். வெறுமையாகத்தான் இருந்தன. ஆனால் என் முகத்தை அவள் நேராகப் பார்க்கவில்லை. அதன்பிறகு நான் உள்ளே வந்தால் அவள் வெளியே போய்விடுகிறாள்.

கடைசியாக ஒரு முறை வார்த்துப் பார்ப்பேன். அதுவும் நீலமாக வந்தால் எழுத்தில் புகார் கொடுப்பேன். நல்லவர்களைப் போல இருப்பவர்களை நம்பி நான் படிப்பை விட முடியாது.

புதுக் கண்ணாடி வந்ததா? இல்லாவிட்டால் இங்கிருந்து அனுப்பட்டுமா?

கனகா


கோண்டாவில்,
24.11.1999

அன்புத் தங்கை கனகாவுக்கு,

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும், வேறு எந்த வேலையும் செய்யாமல், முழுவதும் வாசி.

நான் மாவில் ஒன்றும் சேர்க்கவில்லை என்று எழுதினேன். பொய் சொல்ல நினைத்து எழுதவில்லை. ஆனால் உன் கடிதத்தை வாசித்த நேரத்தில் ஒன்று நினைவுக்கு வந்தது, அதை விழுங்கிவிட்டேன். ரோசம்.

நீ புளிக்கக்கூடாது என்று எழுதினாய். பனையில் கருப்பநீர் இறக்கும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது என்பது நம் ஊரில் பனையோடு பழகிய எல்லோருக்கும் தெரியும். அதுபோலத்தான் ஒடியல் ஊறிய தண்ணீரில் மூன்று உருண்டை சுண்ணாம்பு கரைத்துவிட்டேன். மா வெளுத்தது, புளிப்பு வாசமும் போனது. பிறகு தண்ணீரை வடித்துவிட்டேன். வடித்த பிறகு அது மாவில் சேர்த்ததாகாது என்று என் மனதுக்குச் சமாதானம் சொன்னேன். நேற்று எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியர் பொன்னம்பலத்திடம் கேட்டேன். "சுண்ணாம்பு அமிலத்தைத் தின்னும் ரீச்சர். எவ்வளவு வடிச்சாலும் மாவிலை மிச்சம் நிக்கும்" என்றார்.

அந்த மனுசி மேல் புகார் கொடுத்திராதே. கொடுத்துவிட்டால் உடனே திருப்பி வாங்கு. இந்தக் காலத்தில், அந்த ஊரில், ஒரு தமிழ்ப் பெண் அமிலம் களவெடுத்தாள் என்று எழுத்தில் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். கன்னம் பலாக்கொட்டை அளவு வீங்கி, கஞ்சி மட்டும் குடிக்கிறேன். என் நாக்கு உண்மையை விழுங்கியதற்குப் பல்லுக்குத் தண்டனை.

அக்கா,
நேசமலர்


வெள்ளவத்தை,
28.12.1999

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. தபால் கப்பல் பிந்துகிறது என்கிறார்கள். நான் இருக்கிறேன்.

இங்கே நிறைய நடந்துவிட்டது. ஆறாம் திகதி புகார் கொடுத்தேன். அன்றைக்கே பழனியம்மாவிடமிருந்து திறப்பை வாங்கிவிட்டார்கள். கழுவுகிற வேலை மட்டும் பார்க்கட்டும் என்றார்கள். அடுத்த கிழமையே படலம் பச்சையாக வந்தது. "திறப்பு கை மாறியது, படலம் நிறம் மாறியது, இனி என்ன சாட்சி வேண்டும்" என்று புரொபெசர் எல்லோருக்கும் சொன்னார்.

பதினெட்டாம் திகதி குண்டு வெடித்த பிறகு நகரம் முழுக்கச் சோதனை. என் புகார் எப்படியோ பொலிஸுக்குப் போயிருக்கிறது. இருபதாம் திகதி கொட்டாஞ்சேனை அறையைச் சோதித்தார்கள். எட்டு அமிலப் போத்தல், எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய். அடையாள அட்டையில் கொழும்பு இல்லை, மஸ்கெலியாத் தோட்டத்து விலாசம். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் விடவில்லை.

நான் பொலிஸுக்குப் போகவில்லை, கம்பஸுக்குத்தான் எழுதினேன். இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

முடிவுகளைக் கொடுத்துவிட்டேன். பதிவு தப்பியது.

பல்லுப் பிடுங்கிய இடத்தில் நாக்கை வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரால் கொப்பளியுங்கள்.

கனகா


கோண்டாவில்,
25.01.2000

கனகேஸ்வரிக்கு,

இரண்டு மாதமாக என் கடிதம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். என் பல்லைப் பிடுங்கிய கதை உனக்கு யார் சொன்னது? அதை நான் ஒரேயொரு கடிதத்தில்தான் எழுதினேன். சுண்ணாம்பைப் பற்றி எழுதிய அதே கடிதத்தில், அதே பக்கத்தில். இங்கிருந்து வேறு ஒருவரும் கொழும்புக்கு வரவில்லை.

பழக்கதோஷத்தில் என் சுகத்தை விசாரித்துவிட்டாய். விசாரித்திராவிட்டால் நான் தபால்காரனைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பேன்.

படலம் ஏன் பச்சையாக வந்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. கடிதம் எப்போது கிடைத்தது? அவளைப் பிடிக்க முன்னரா, பிறகா? அதை மட்டும் எழுது. உன் சுகம் எனக்கு வேண்டாம்.

நேசமலர்


வெள்ளவத்தை,
16.02.2000

அக்காவுக்கு,

முன்னர். டிசம்பர் பதின்மூன்றாம் திகதி.

காலையில் வாசித்தேன். மத்தியானமே மாவைத் தண்ணீர் விட்டு ஐதாக்கிய அமிலத்தில் இரண்டு முறை அலசி, தண்ணீரில் கழுவி, காய்ச்சி வார்த்தேன். அடுத்த நாள் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்து நான் அழுதேன், ஆனால் அவளுக்காக இல்லை. அதன்பிறகுதான் அமிலப் போத்தலை எடுத்து அளந்தேன். பலம் கொஞ்சமும் குறையவில்லை. அரை மணித்தியால வேலை. ஓகஸ்டிலேயே செய்திருக்கலாம். செய்யவில்லை, ஏனென்றால் எனக்குப் பதில் முன்னரே தெரியும் என்று நினைத்தேன்.

புகாரைத் திருப்பி வாங்கப் புரொபெசரின் கதவுவரை போனேன். உள்ளே அவர் என் முடிவுகளை வேறு யாருக்கோ காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தார். அடுத்த நாள் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். அடுத்த நாளும் அப்படியே போனது. பிறகு குண்டு வெடித்தது. அதன்பிறகு சொன்னால் என்ன கேட்பார்கள்? மாவில் ஏதோ வெள்ளைத் தூள் கலந்திருந்ததா, யாழ்ப்பாணத்திலிருந்து யார் அனுப்பியது, எந்தக் கப்பலில், யார் கொண்டுவந்தது? உங்கள் பெயரும் நாகேந்திரம் மாஸ்டரின் பெயரும் போகும். உங்களைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி நாள் அதை நம்புகிறேன்.

உங்கள் பெயரைச் சொல்ல அனுமதி கொடுத்தால் போய்ச் சொல்கிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

கனகா


கோண்டாவில்,
08.03.2000

கனகாவுக்கு,

அனுமதி கேட்டு நீ எழுதிய கடிதம் எனக்கு வந்துசேர இருபது நாள். இந்தப் பதில் உனக்கு வர இன்னும் இருபது நாள். அந்த நாற்பது நாளும் அந்த மனுசி உள்ளே இருக்கிறாள். நீ ஒரு கடிதத்துக்குள் ஒளித்திருக்கிறாய், அவளுக்கு ஒளிக்கக் கடிதம் இல்லை.

இத்தோடு ஒரு சத்தியக் கடதாசி வைத்திருக்கிறேன். சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்திட்டது. என் முழுப் பெயர், வீட்டு விலாசம், பள்ளிக்கூடம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் இருக்கிறது. மூன்று உருண்டை சுண்ணாம்பு என்றும் இருக்கிறது. மாஸ்டரும் தன் பெயரை எழுதச் சொன்னார். இங்கே ஆமிக் காம்பில் கூப்பிட்டு விசாரித்தால் விசாரிக்கட்டும். மா வடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. இதை எழுதிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் முதலில் விழுங்கியவள் நான். உன்னைக் கேட்பதற்கு எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது, அந்தப் பாதியால் கேட்கிறேன். கடிதம் கிடைத்த அன்றைக்கே போ. எனக்குப் பதில் எழுத நிற்காதே.

அக்கா


வெள்ளவத்தை,
09.04.2000

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் இருபத்தொன்பதாம் திகதி உங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்த கையோடு புரொபெசரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தனீரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னோடு பொலிஸுக்கு வந்தார். அமிலத்தை அளந்த கணக்கு, அலசாத மாவில் ஒரு நீலப் படலம், அலசியதில் ஒரு பச்சைப் படலம், உங்கள் சத்தியக் கடதாசி, எல்லாவற்றையும் மேசையில் வைத்தோம். ஒரு அதிகாரி இரண்டு படலத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னிடம் இரண்டு நாள் கேள்வி கேட்டார்கள். உங்கள் விலாசத்தை மூன்று முறை எழுதிக்கொண்டார்கள். அவர்கள் வந்தால் எனக்கு உடனே அறிவியுங்கள், கப்பலுக்கு நில்லாமல் யாரிடமாவது தந்தி கொடுத்துவிடுங்கள்.

ஏப்ரல் ஐந்தாம் திகதி பழனியம்மாவை விட்டார்கள். மூன்று மாதமும் பதினாறு நாளும். கம்பஸில் என் முடிவுகளை ரத்துச் செய்தார்கள், சுண்ணாம்பைச் சேர்த்துத் திருத்தி எழுத ஆறு மாதத் தவணை தந்திருக்கிறார்கள். அவருடைய இடத்துக்கு ஜனவரியிலேயே வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அவருக்குத் தவணை ஒன்றும் இல்லை.

நேற்றுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. நன்றாக மெலிந்துபோயிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் அதில் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் மா, சுண்ணாம்பு, டிசம்பரில் வந்த கடிதம், அதை நான் மறைத்தது, எல்லாம். அவருக்குக் கோபம் வரும், கத்துவார், என் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டியபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கடுதாசி வந்தது தெரியும் மிஸ். ஆபீசுல இருந்து அத எடுத்தாந்து ஒங்க மேசையில வச்சதே நாந்தான். நீங்க வாசிச்சீங்க. மத்தியானம் மாவ எடுத்து அலசினீங்க. மறுநா பீக்கர் கழுவுறப்ப பாத்தேன், பச்சையா இருந்துச்சு, நீங்க அழுதுக்கிட்டு இருந்தீங்க. சரி, விசயம் மிஸ்ஸுக்குப் புரிஞ்சிருச்சு, இனி மிஸ்ஸே போய்ச் சொல்லிருவாங்கன்னு நெனச்சேன். நானாப் போய்க் கேட்டா ஒங்களுக்கு வெக்கமா இருக்குமேன்னு பேசாம இருந்தேன். ஏழு நாளு காத்துக்கிட்டு இருந்தேன் மிஸ்."

பிறகு தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அக்கா. குடித்தேன்.

கனகா